மூன்றாம் நம்பர் டிரையர்

மழைக்காலம் வந்துவிட்டால் தென்கொரியாவின் பூசான் நகரில் வீட்டுக்குள் துணி காயாது. மல்சுன்னுக்கு அது கொண்டாட்டம். காசு போட்டுத் துவைத்துக்கொள்ளும் அவளுடைய கடையில் துணி காயவைக்கும் ஐந்து டிரையர்களும் காலையிலிருந்தே சுற்றத் தொடங்கிவிடும். இந்த வருடம்தான் சனியன் பிடித்தது. மூன்றாம் நம்பரைத் திறந்தால் குடலைப் புரட்டும் நாற்றம். அதில் காய்ந்த துண்டால் முகம் துடைத்த ஒருத்தி சண்டைக்கே வந்துவிட்டாள்.

மல்சுன் பஞ்சு சேரும் வலையைக் கழுவினாள், கதவு ரப்பரைத் தேய்த்தாள். நாற்றம் அசையவில்லை. அப்போதுதான் ஓக்புன் ஞாபகம் வந்தது. மீன் சந்தையில் இருபத்தாறு வருடமாக விலாங்கு உரிப்பவள். தினமும் மத்தியானம் மூன்றாம் நம்பரில்தான் துணி போடுவாள். வேறென்ன வேண்டும்? விசாரணையும் கிடையாது ஒன்றும் கிடையாது, தீர்ப்பு எழுதியாயிற்று. 'மீன் வேலை செய்கிறவர்களின் துணிக்கு இங்கே இடமில்லை' என்று கண்ணாடிக் கதவில் ஒட்டிவிட்டாள்.

வியாழக்கிழமை ஓக்புன் பையோடு வந்தபோது கடையில் நான்கு பேர் இருந்தார்கள்.

"நோட்டீஸ் தெரியலையாக்கா? இல்ல, கண்ணுலயும் செதில் ஒட்டிக்கிச்சா?"

மல்சுன் கேட்டதும் நால்வரும் சிரித்தார்கள்.

"இன்னிக்கு ஒரு தடவை மட்டும் தங்கச்சி. சனிக்கிழமை ஒரு மணிக்கு என் மக சேரினைக் கட்டிக்கப் போற மாப்பிள்ளை வீட்டுக்காரங்களைப் பாக்கணும். ரெண்டு வீடும் முதமுதல்ல சேந்து சாப்பிடப் போறோம். இந்த ஒரு டிரெஸ் நாத்தமில்லாம இருந்தாப் போதும்."

"ஐயோ, அந்தச் சம்பந்தியம்மா பாவம்! மூக்கைப் பிடிச்சுக்கிட்டு எப்படிச் சாப்பிடுவாங்க?"

ஓக்புன் கோபப்பட்டிருக்கலாம். அவளோ தன் கையை முகர்ந்து பார்த்தாள். நாள் முழுக்க மீனுக்குள் கிடந்த மூக்குக்கு எது யாருடைய நாற்றம் என்று பிரிக்கத் தெரியவில்லை.

"என்னாலதான்னா நானே கழுவிடறேன்" என்றாள்.

வினிகர் வாங்கி வந்தாள். முட்டி போட்டு, டிரையருக்குள் தலையை விட்டு, துணியால் ஒவ்வொரு துளையாகத் துடைத்தாள். ஐஸ் காப்பியை உறிஞ்சிக்கொண்டே மல்சுன், "அந்த மூலைக்கா, அந்த மூலை" என்று ஏவினாள். பிறகு வினிகரில் நனைத்த துண்டுகளைப் போட்டு இருபது நிமிடம் ஓடவிட்டார்கள். திறந்தால் வினிகர் வாடை. அதற்கும் மேலே அதே நாற்றம்.

"பாத்தீங்களா? வினிகரே பயந்து ஓடுது! உங்களுக்கு ரத்தத்துலயே ஊறிப்போச்சுக்கா. மக மேல பாசம் இருந்தா அந்தச் சாப்பாட்டுக்குப் போகாதீங்க."

ஓக்புன் டிரெஸ்ஸைக் காயப் போடாமலே, துடைத்த ஈரத் துணியை மடித்துப் பையில் வைத்துக்கொண்டு போய்விட்டாள்.

சனிக்கிழமை பன்னிரண்டு மணிக்கு ரிப்பேர்க்காரன் வந்து மூன்றாம் நம்பரை இழுத்துப் போட்டான். பின்னால் ஈரக் காற்றை வெளியேற்றும் குழாயின் இணைப்பு விட்டுப்போய் ஆவி கசிந்துகொண்டிருந்தது. அதற்கு நேர் கீழே, வெள்ளை நூல் சுற்றிய ஒரு மீன்! கண்ணேறு படாமல் வியாபாரம் செழிக்கட்டும் என்று, கடை திறந்த அன்று மல்சுன்னே தன் கையால் சுவரில் மாட்டிய கருவாடு. ஆணி கழன்று எப்போதோ பின்னால் விழுந்திருக்கிறது. ஆவியில் ஊறி, உப்பி, புழு வைத்திருந்தது. அந்தக் காற்றைத்தான் டிரையர் உள்ளே இழுத்துத் துணிக்கெல்லாம் ஊட்டியிருக்கிறது. தன் முதுகு தனக்குத் தெரியாதுதான். இவளுக்குத் தன் கடைச் சுவரே தெரியவில்லை.

"ஏம்மா, அதிர்ஷ்டத்தை இப்படியா அழுக விடுவீங்க?" என்று அவன் சிரித்தான்.

"வாயை மூடிட்டு வேலையைப் பாரு."

மணி பன்னிரண்டே கால். ஓக்புன்னின் நம்பர் வாடிக்கையாளர் பட்டியலில் இருந்தது. ஒரே ஒரு போன் போட்டால் அவள் ஒரு மணிச் சாப்பாட்டுக்கு இப்போதுகூடக் கிளம்பிவிடலாம். மல்சுன் நம்பரைத் தேடியும் எடுத்துவிட்டாள். அப்புறம் அன்றைக்குச் சிரித்த நான்கு பேர் நினைவுக்கு வந்தார்கள். விஷயம் தெரிந்தால் தெருவே தன்னைப் பார்த்துச் சிரிக்குமே! போனைச் சட்டைப்பையில் போட்டுக்கொண்டாள். அடிப்பாவி! முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைப்பார்கள் என்று கேள்விப்பட்டிருக்கிறோம். இவள் முழு மீனைக் கறுப்புப் பைக்குள் திணித்து மூன்று முடிச்சுப் போட்டாள்.

திங்கட்கிழமை ஓக்புன் வந்தாள். வாசலிலேயே நின்றுகொண்டாள்.

"உள்ள வரல தங்கச்சி. நாத்தம் போயிடுச்சான்னு கேக்கத்தான் வந்தேன்."

மல்சுன் தொண்டையைக் கனைத்துக்கொண்டாள். "போயிடுச்சுக்கா. நீங்க வராத நாலு நாள்ல சுத்தமாப் போயிடுச்சு."

ஓக்புன் தலையாட்டினாள். "அப்ப நான் சாப்பாட்டுக்குப் போகாதது நல்லதுதான். காய்ச்சல்னு சொல்லிட்டேன். சேரின் போன்ல ஒரே அழுகை. கல்யாணத்தன்னிக்கு என்ன சாக்கு சொல்றதுன்னுதான் தெரியல."

பையிலிருந்து ஒரு புது வினிகர் பாட்டிலை எடுத்து வாசற்படியில் வைத்தாள். "உங்களுக்கு ரொம்பத் தொந்தரவு குடுத்துட்டேன்" என்று குனிந்து வணங்கினாள். நிமிர்ந்தபோது சுவரில் புது ஆணியில் தொங்கிய கருவாடு கண்ணில் பட்டது.

"புது மீனா? நல்லாக் காஞ்சிருக்கு. கடைக்கு நல்லதே நடக்கட்டும்" என்று வாழ்த்திவிட்டு, பேருந்து நிறுத்தத்தில் நின்றவர்களை விட்டுத் தள்ளி நடந்து போனாள்.