காற்றின் கண்

பொதிகையிற் பிறந்து, மணிமுத்தாற்றைத் தன்னோடு தழுவிக்கொண்டு, வயலும் வாழையும் இருமருங்கும் பச்சைப் பாய் விரித்தாற்போல் விளங்க வரும் தண்பொருநை, மாலைக் கதிரவன் உருக்கி ஊற்றிய செம்பொன்னைச் சுமந்து நெல்லைப் பாலத்தடியில் நடந்துகொண்டிருக்க, நாரைகள் கூடு நோக்கித் திரும்ப, பாலத்தின்மேல் பேருந்துகள் ஒன்றையொன்று வைதுகொண்டே ஊர்ந்த அந்த வேளையில், கரையோர மருத்துவமனையின் மூன்றாம் மாடியிலிருந்து ஒரு கண்ணாடி கலீரென்று உடைந்து வீழ்ந்தது. நல்லகாலமாகக் கீழே எவரும் இலர். உடைத்தவர், அன்பரே, திருடருமல்லர், தீயவருமல்லர். ஓய்வுபெற்ற தமிழ்ப் பேராசிரியர் தில்லைநாயகம். சொல்லொன்றின் வரலாற்றைக் குடையால் சுட்டி விளக்குங்கால் வரலாறு சற்று நீண்டது. குடையும் உடன் நீண்டது.

கேட்டிருந்தவள் அவர் மனைவி வடிவம்மாள். மூளையிற் குருதி தடைப்பட்டு, வலக்கையும் நாவும் ஒருங்கே ஓய்ந்து, திரியிறங்கிய விளக்கெனக் கட்டிலிற் கிடந்தாள். மணந்த நாள்தொட்டு அவர் எச்சொல்லின் வேரைத் தோண்டினாலும் முடிவில் அவள் கேட்பது ஒன்றே: “சரி, அதுக்கு இப்ப என்ன செய்யணுங்கீங்க?” அவ்வினாவை மீண்டும் கேட்டுவிட்டால் அவள் மீண்டாள் என்று தமக்குத்தாமே முடிவுகட்டிக்கொண்ட பேராசிரியர், பிறர் பழம் கொணரும் அவ்விடத்திற்கு நாள்தோறும் ஒரு சொல் கொணர்ந்தார்.

அன்று கொணர்ந்தது ‘சன்னல்’. போர்த்துகீசியரின் ‘ஜனேலா’ கப்பலேறி வந்து நம் சுவரிற் பதிந்ததையும், அதன் தாயான இலத்தீன் ‘யானுவா’ வாயிலைக் குறித்ததையும், செருமானியரின் ‘பென்ஸ்டர்’, பிரெஞ்சியரின் ‘பெனேத்ர்’ ஆகியவை வேறோர் இலத்தீன் சொல்லின் பிள்ளைகள் என்பதையும் விரித்தவர், ஸ்பானியரின் ‘வென்தானா’வுக்கு வந்ததும் எழுந்தே நின்றுவிட்டார்.

“அது காத்துல இருந்து பொறந்த சொல்லு வடிவு! இங்கிலீஷ்காரன் ‘விண்டோ’ங்கானே, வடகடல்காரன் குடுத்தது, காத்தோட கண்ணுன்னு அர்த்தம். நம்மாளு என்ன சொன்னான்? காலதர்! காத்து வார வழி! ஒருத்தன் மூஞ்சிய ஒருத்தன் பார்த்ததில்ல, எல்லாவனும் காத்தையே நெனச்சிருக்கான் பாத்தியா!”

அப்போதுதான் குடை உயர்ந்தது.

உடைந்த வழியே புகுந்த ஆற்றுக்காற்று அவள் நரைமுடியை அசைத்தது. அவள் விழி அவரை நோக்கிற்று, இதழ் அசைந்தது, அவர் மூச்சடக்கிக் குனிந்தார். ஒலி பிறக்கவில்லை.

ஓசை கேட்டு ஓடிவந்த மருத்துவர் கணேஷ்ராமிடம் கண்ணாடியை மறந்து அவர் வினவியது மனைவியின் பேச்சைத்தான். “பாப்போம் சார்” என்று வழக்கம்போற் சொல்லி, வழக்கம்போல், கட்டிலருகே துணையிருந்த மகளை மட்டும் வெளியே அழைத்துச் சென்றார் மருத்துவர். கணவனிடம் கூறாததைப் பிள்ளையிடம் கூறும் அப்பரிவு, கதவுக்கு இப்பால் நின்ற கிழவருக்கு இருளாகவே வாய்த்தது.

மகள் சுப்ரஜா திரும்பி வந்து, சிதறிய சில்லுகளைப் பொறுக்கலானாள்.

“ஏட்டி, அம்மா என்னைக்குப் பேசுவா?”

“சாப்பிட்டீங்களாப்பா?”

“நீயும் சுத்தி வளைக்கியே!”

“உங்க மகதானே! குழம்புல உப்பு இருக்கான்னு அம்மா கேட்டா, உப்பு எப்படி வந்த சொல்லுன்னுதானே சொல்லுவீங்க. ஒரு நாளாவது நேராப் பதில் சொல்லியிருக்கீங்களா?”

கடல்கடந்த மொழிகளிலெல்லாம் புழங்கி மீண்ட அந்நா, தன் வீட்டு வினா ஒன்றை வேரும் கிளையும் இன்றி மொட்டையாய்க் கேட்டது.

“பேசுவாளா, மாட்டாளா? அத மட்டும் சொல்லுட்டி.”

அவள் கையிலிருந்த சில்லைக் கீழே வைத்தாள்.

“பேச மாட்டாங்கப்பா. டாக்டர் போன வாரமே எங்கிட்ட சொல்லிட்டாரு. ஆனா நீங்க சொல்லுதது எல்லாம் அம்மாவுக்குக் கேக்குது. நாளைக்கும் ஒரு சொல்லு கொண்டாங்க. குடைய மட்டும் வீட்ல வச்சிட்டு வாங்க.”