கொனாடுவுக்கு லெட்டர் பேடு அடித்த கதை

கானா நாட்டுக் குமாசியில் ஷாமியானாவும் நாற்காலியும் வாடகைக்கு விடுகிறவளுக்கு லெட்டர் பேடு எதற்கு? சனிக்கிழமை விடிந்தால் ஊரில் எங்காவது ஒரு துக்கம் இருக்கும். நாற்காலி வேண்டியவர்கள் தெருவில் நின்றபடியே, “கொனாடு, இருநூறு நாற்காலி” என்று மதிலுக்கு மேலாகக் கத்துவார்கள். அவளும் உள்ளே வெங்காயம் நறுக்கியபடியே “சரி” என்று கத்துவாள். ஒப்பந்தம் முடிந்தது. தபால் நிலையத்தில் ஆயுசெல்லாம் முத்திரை குத்திவிட்டு அடுத்த வீட்டில் ஓய்வாக உட்கார்ந்திருக்கும் எனக்கு ஒரு காது மந்தமானதற்கு அந்த ஒப்பந்தங்கள்தான் காரணம்.

நர்சிங் கல்லூரிதான் வம்பை இழுத்துவிட்டது. பட்டமளிப்பு விழாவில் தொடங்கி மூன்று வருடத்துக்கு எல்லா விசேஷத்துக்கும் ஒரே ஆளிடம் பந்தல் எடுக்கப் போகிறார்களாம். விண்ணப்பம் லெட்டர் பேடில் வர வேண்டுமாம். கொனாடுவுக்கு அது கிடைத்தே ஆக வேண்டும். தன் நீல நாற்காலிகளில் அழுகிறவர்கள் உட்கார்ந்து உட்கார்ந்து அவளுக்குச் சலித்துவிட்டது. ஒரு தடவையாவது சிரிக்கிற ஆட்கள் உட்கார வேண்டும் என்பாள். எதிர்வரிசையில் ஊதாப் பந்தல் வைத்திருக்கும் கம்ஃபர்ட் முந்திக்கொண்டு விண்ணப்பம் போட்டுவிட்டாள் என்று கேள்விப்பட்டதும் அந்த ஆசையில் மிளகாய்த்தூள் விழுந்தது.

தாளில் என்னென்ன போடுவது என்று என்னிடம் வந்து கேட்டாள். கடையின் பெயர், செய்கிற தொழில், இருக்கிற இடம், தபால் பெட்டி எண், தொலைபேசி எண், அவ்வளவுதான், மிச்சத் தாள் எழுதுவதற்கு என்றேன். சரியென்று தலையாட்டிவிட்டுப் போனாள். போன வழியில் தாய்மாமன் நுவாமா உட்கார்ந்திருந்தார்.

நுவாமா குடும்பத் தலைவர். அவர் வாயைத் திறக்காமல் அந்த வீட்டில் கோழிகூட முட்டையிடாது. குடும்பத் தொழிலின் தாளில் குடும்பத் தலைவரின் பெயர் இல்லையென்றால் ஊர் என்ன நினைக்கும் என்று கேட்டார். அவர் பெயர் ஏறியதும் அவருடைய தம்பிகள் மூன்று பேரும் மூக்கைச் சிந்தினார்கள். அவர்களும் ஏறினார்கள். பிறகு அக்காமார், அவர்கள் பெற்ற பிள்ளைகள், மருமகன்கள், லண்டனில் இருக்கும் ஒருத்தன், லண்டனுக்குப் போகப்போவதாகப் பதினைந்து வருடமாகச் சொல்லிக்கொண்டிருக்கும் இன்னொருத்தன். தொழில் செய்கிறவள் முகம் தெரிய வேண்டாமா என்று கடைசியில் ஒரு போட்டோவும் சேர்ந்தது. கொனாடு ஒல்லியாக இருந்த காலத்தில், அவளைவிடப் பெரிய சவுரியோடு எடுத்த போட்டோ.

இந்த மூட்டையெல்லாம் ஓடூரோவின் அச்சகத்துக்குப் போனது. ஓடூரோ பேட்டையிலேயே கைதேர்ந்தவன்தான். ஆனால் இத்தனை வருடமாக அவன் அடித்ததெல்லாம் கண்ணீர் அஞ்சலிச் சுவரொட்டிகள். நடுவில் ஒரு பெண்ணின் படம், முதல் வரியில் குடும்பத் தலைவர், கீழே மாமன்மார், பிள்ளைகள், மருமகன்கள் என்று வரிசையாகப் பெயர்களைக் கண்டதும் அவன் கை தானாக வேலை செய்தது. சுற்றிலும் கறுப்புப் பட்டை. நான்கு மூலைக்கும் நான்கு புறா. தாளின் முக்கால் பங்கை உற்றார் உறவினர் பிடித்துக்கொள்ள, கொனாடுவின் கடிதம் எறும்பு படிக்கிற எழுத்தில் அடியில் ஒதுங்கிக் கிடந்தது. “எங்கள் இல்லத்துக்கு நேரில் வருமாறு அழைக்கிறோம்” என்ற கடைசி வரி மட்டும்தான் கண்ணாடி போட்டால் தெரிந்தது. நாற்காலியைப் பார்த்துவிட்டுப் போகட்டும் என்று அவள் எழுதியது அது. பார்க்க அம்சமாக இருக்கிறது என்று குடும்பமே மெச்சிக் கல்லூரிக்கு அனுப்பி வைத்தது.

அடுத்த வியாழக்கிழமை கல்லூரியிலிருந்து மூன்று பேர் வந்தார்கள். முன்னால் வந்தவர் பொருளாளர் சார்ஃபோ. மூவரும் கறுப்புத் துணி போர்த்தியிருந்தார்கள். சார்ஃபோ கையில், துக்க வீட்டுக்குக் கொண்டுபோகிற ஷ்னாப்ஸ் சாராயம் ஒரு பாட்டில். நாற்காலியைச் சோதிக்க வருகிறவர்கள் இப்படித்தான் உடுத்துவார்கள் போலிருக்கிறது என்று கொனாடு நினைத்துக்கொண்டாள். எந்த நேரமும் வருவார்கள் என்று புது ஷாமியானாவை முற்றத்தில் விரித்து, நீல நாற்காலிகளை ரயில் தண்டவாளம்போல நேராகப் போட்டு வைத்திருந்தாள். வந்தவர்கள் அதையும் துக்கப் பந்தல் என்றே எடுத்துக்கொண்டார்கள். வலப்பக்கம் தொடங்கி எல்லாருக்கும் கை கொடுத்தார்கள். கொனாடுவுக்கும் கொடுத்தார்கள். போட்டோவில் இருந்தவளைப் போல இரண்டு பேர் இவளுக்குள் அடங்குவார்கள், எப்படி அடையாளம் தெரியும்? அவளே தண்ணீர் கொண்டுவந்து கொடுத்தாள்.

தண்ணீர் குடித்து, வந்த காரியம் என்ன என்று வீட்டுப் பெரியவர் கேட்கும்வரை விருந்தாளி வாய் திறக்கக் கூடாது. நுவாமா கேட்டார். சார்ஃபோ எழுந்து பாட்டிலை இரண்டு கையாலும் நீட்டினார். நுவாமா என்றைக்காவது ஷ்னாப்ஸை ஏன் எதற்கு என்று கேட்டிருக்கிறாரா? வாங்கி மடியில் வைத்துக்கொண்டார்.

“ஐயா, அந்த அம்மாவ நாங்க நேர்ல பாத்ததில்ல” என்றார் சார்ஃபோ. “எங்க முதல்வரோட தாயார் சாவுக்கு அவங்க நாற்காலிதான் போட்டிருந்தோம். ஒண்ணுகூட ஆடல. வேலைய அவங்களுக்கே குடுக்கறதாத்தான் முடிவு பண்ணியிருந்தோம். இப்ப வேற வழியில்லாம கம்ஃபர்ட்கிட்ட குடுக்க வேண்டியதாயிடுச்சு.”

“எந்த அம்மா?” என்றாள் கொனாடு, தட்டும் கையுமாக.

சார்ஃபோ பையிலிருந்து தாளை எடுத்து நீட்டினார். கொனாடு படத்தைப் பார்த்தாள், பட்டையைப் பார்த்தாள், புறாக்களைப் பார்த்தாள். “இது நான் குடுத்த விண்ணப்பம்” என்றாள். “கடைசியில பாருங்க, என் கையெழுத்து.”

சார்ஃபோ அவள் கொடுத்த தண்ணீர்த் தம்ளரை ஒருமுறை உற்றுப் பார்த்தார். கூட வந்த இருவரில் ஒருவர் எழுந்து வாசல்வரை போய்விட்டார்.

“அம்மா, உங்களுக்காக கல்லூரியே எழுந்து நின்னு மௌன அஞ்சலி செலுத்திடுச்சு” என்றார் சார்ஃபோ. “கேன்டீன்காரி அழுதா.”

மதிலுக்கு இந்தப் பக்கம் நின்று நான் சிரித்த சிரிப்பில் என் பல்செட்டு மதில் தாண்டி அந்த முற்றத்தில் போய் விழுந்தது. பிறகுதான் விஷயத்துக்கு வந்தார்கள். மாலைக்குள் சரியான தாளில் விண்ணப்பம் வந்தால் வேலை அவளுக்குத்தான், இல்லாவிட்டால் கம்ஃபர்டுக்கு என்றார் சார்ஃபோ. ஓடூரோவைப் பிடித்து இழுத்துவந்தோம். மறுபடி துக்கம் கேட்க வருகிற தெம்பு தனக்கு இல்லை என்று சார்ஃபோவே வாசகத்தைச் சொன்னார். பெயர், தொழில், மெதடிஸ்ட் தேவாலயத்துக்குப் பின்புறம், தபால் பெட்டி, தொலைபேசி. ஓடூரோவின் கை பட்டை போடத் துடித்தது. கொனாடு அதன்மேல் தன் கையை வைத்து அமுக்கிக்கொண்டாள்.

“என் பேரு எங்க?” என்றார் நுவாமா.

“மாமா, என் சாவு போஸ்டர்ல மொதல்ல ஒங்க பேருதான் வரும்” என்றாள் கொனாடு. “அதுவரைக்கும் பொறுத்துக்கோங்க.”

நுவாமா யோசித்தார். அது நியாயமாகத்தான் பட்டது. பாட்டிலைத் திறந்து முன்னோருக்கு நாலு சொட்டு மண்ணில் விட்டுவிட்டு, மிச்சத்தை முன்னோர் சார்பில் தானே கவனித்துக்கொண்டார். துக்கத்துக்குக் கொடுத்ததைத் திருப்பிக் கேட்கும் வழக்கம் எங்கள் ஊரில் கிடையாது.

பட்டமளிப்பு விழாவில் அறுநூறு நீல நாற்காலிகள். கேன்டீன்காரி கொனாடுவைக் கண்டதும் கையிலிருந்த கரண்டியோடு ஓட்டம் பிடித்தாள். அறுநூறு பேரும் சிரித்தார்கள். பழைய தாள் ஐந்நூறை எரித்துவிடலாம் என்று ஓடூரோ எடுக்க வந்தபோது மட்டும் நுவாமா விடவில்லை. நல்ல தாள், வீணாக்கக் கூடாது, ஒரு தேதி சேர்த்தால் போதும் என்று தன் பெட்டியில் வைத்துப் பூட்டிக்கொண்டார்.