சிமெண்டல் கன்று

விடிந்ததிலிருந்து கிடாரி முக்கிக்கொண்டிருந்தது. கன்றின் முன்னங்கால்கள் வெளியே நீட்டிக்கொண்டிருந்தன, தலைதான் வர மாட்டேன் என்றது. இனாக் செரினா அதன் கழுத்தைத் தடவியபடி தரையில் உட்கார்ந்திருந்தாள். மகள் செரினா பிறந்ததிலிருந்து ஊருக்கு அவள் இனாக் செரினா, அதாவது செரினாவின் அம்மா.

அடுத்தவர் பசுவை வாரத்துக்கு வளர்த்து, தன் பங்காக அவள் பெற்ற ஒரே உருப்படி அது. லொம்பொக் தீவின் பாலி மாடுகள் எல்லாமே சின்ன உடம்புதான், இது அதிலும் சின்னது. சினை ஊசிக்காரர் குஸ்னான் வந்த அன்று அவள் தலைப்பாடாக அடித்துக்கொண்டாள்.

"தலையீத்துங்க. பாலிக் காளை ஊசியே போதும்."

யார் கேட்டார்கள்? ஊர்ப் பொதுக்கொட்டிலில் எவனோ கட்டியிருந்த, சிமெண்டல் என்ற பெரிய சீமை இனத்தின் கலப்புக் கன்றைப் பார்த்து அவள் புருஷனுக்கு வாயூறிப் போயிருந்தது.

"சிமெண்டலே போடுங்கண்ணே. இவளுக்கு என்ன தெரியும்?"

இன்று அதே குஸ்னான் முழங்கை வரை சோப்பு தேய்த்துக் கையை உள்ளே விட்டுப் பார்த்தார். நிமிரவே இல்லை.

"தலை இடுப்பெலும்புல சிக்கிக்கிச்சு. கன்னு செத்துருச்சு. இழுத்தா தாய் கிழிஞ்சிரும்."

"டாக்டரு?" என்றாள் அவள்.

"வந்துட்டிருக்காரு. அதுவரைக்கும் தாங்காது."

கிடாரியின் கண் செருகியது. கயிற்றைப் பிடித்திருந்த பக்கத்துக் கட்டுத்தறி ஜுமாதில் மெல்லச் சொன்னான்.

"தானா செத்தா ஹராமு, குழிக்குத்தான் போகும். உசுரு இருக்கறப்பவே அறுத்துடு."

புருஷன் கத்தியை வாங்கிக்கொண்டு அவளைப் பார்த்தான்.

"செரினா அம்மா, நீ சொல்லு."

அவள் தடவுவதை நிறுத்தினாள்.

"இப்ப வந்து கேக்குறீங்களா?"

அவளே கிடாரியின் தலையைத் தூக்கி மக்கா இருக்கும் கிப்லா பக்கம் திருப்பினாள்.

"பிஸ்மில்லா சொல்லுங்க. சீக்கிரம்."

எல்லாம் முடிந்த பிறகு வயிற்றைக் கிழித்துக் கன்றை எடுத்துச் சாக்கில் போட்டார்கள். கொட்டிலே திரண்டு வந்துவிட்டது. கை கழுவாத புருஷன் குந்தி உட்கார்ந்து, செத்த கன்றின் முதுகைச் சாண் போட்டு அளந்துகொண்டிருந்தான். அவளுக்கு அழுகைகூட வரவில்லை.

"யப்பா, என்னா கன்னுடா!" என்றான் ஜுமாதில். "குஸ்னான் அண்ணே, என்னுது அடுத்து சூட்டுக்கு வந்தா இதே ஊசிய போட்டுருங்க."

இனாக் செரினா திரும்பிப் பார்த்தாள். ஜுமாதிலின் கிடாரி புல்லை மென்றுகொண்டு நின்றது. அவளுடையதைவிட ஒரு பிடி சின்னது.