சும்மா கிடைத்த ஒரு மணி நேரம்

கடைக்குட்டியின் இடது கால் ஷூவைக் காணோம்.

சோபாவுக்கு அடியில் இல்லை. துணிக்கூடையில் இல்லை. போன வாரம் கிடைத்த இடத்தில், அதாவது வாஷிங் மிஷினுக்குள், கையை விட்டுத் துழாவியாயிற்று. அங்கேயும் இல்லை. பிள்ளைகளின் அம்மா, உள்ளறையில் படுத்திருக்கும் அக்காவுக்குத் தங்கை, ஆலயத்துக்குப் போக உடுத்திய நல்ல உடுப்போடு வீடு முழுக்கத் தவழ்ந்துகொண்டிருந்தாள்.

"ஒத்த ஷூவோட போனா இயேசப்பா அடிக்கவா போறாரு?" என்றாள் நடுவுள்ளவள். வயது ஏழு, வாய் எழுபது.

"நீ சும்மா இருடி. அண்ணன் பல்லு தேச்சானா பாரு."

"தேச்சேன்னு சொன்னான்."

"சொன்னானா, தேச்சானா?"

உள்ளறையிலிருந்து அக்காவின் குரல் வந்தது. "என் பஸ்ஸா இருந்தா உங்களையெல்லாம் எப்பவோ விட்டுட்டுப் போயிருப்பேன்." இப்போதெல்லாம் அந்தக் குரல் கதவு வரைக்கும் வருவதற்குள் களைத்துவிடுகிறது. கிண்டல் மட்டும் களைக்கவில்லை.

அக்கா நகரப் பேருந்து ஓட்டியவள். கல்யாணம் கட்டிக்கொள்ளவில்லை. தங்கைக்கு மூத்தவன் பிறந்தபோது பத்து நாள் ஒத்தாசைக்கு என்று பெட்டியோடு வந்தவள், அந்தப் பெட்டியைத் திரும்பக் கட்டவே இல்லை. கோடையில் வயிற்று வலி என்று ஆஸ்பத்திரிக்குப் போனாள். புற்று என்றார்கள். மரங்கள் இலை உதிர்க்கத் தொடங்கியபோது டாக்டர் அவளை வீட்டுக்கே அனுப்பிவிட்டார். வலிக்கு மருந்து உண்டு, மற்றபடி செய்ய ஒன்றுமில்லை, எந்த நாளும் நடக்கலாம் என்றார்.

அன்றிலிருந்து தங்கைக்கு ஒரே ஆசை. அக்கா பக்கத்தில் ஒரு தடவை நிதானமாக உட்கார வேண்டும். பெரிதாக ஒன்றும் பேசக்கூட வேண்டாம், சும்மா உட்கார வேண்டும். நடந்தால்தானே! காலையில் மூன்று பேரைப் பள்ளிக்குக் கிளப்ப வேண்டும். பகலெல்லாம் அவள் வேலை பார்க்கும் பல் ஆஸ்பத்திரியில் யாராவது வாயைத் திறந்துகொண்டு காத்திருப்பார்கள். சாயங்காலம் ஒருவனுக்குச் சளி, ஒருத்திக்கு வீட்டுப்பாடம், ஒருவனுக்குக் காரணமே இல்லாத அழுகை. டைல்ஸ் ஒட்டுகிற கணவன் குளிர் வருவதற்குள் வேலையை முடிக்கும் அவசரத்தில் இருட்டிய பிறகுதான் வருவான். அக்காவுக்கு மருந்து கொடுப்பாள், உடம்பு துடைப்பாள், படுக்கை மாற்றுவாள். அதற்கெல்லாம் நேரம் இருந்தது. உட்காரத்தான் இல்லை. "பாப்பா" என்று அக்கா கூப்பிட்டால் வாசற்படியில் நின்றபடி, "தோ வர்றேன்க்கா" என்பாள். அந்தத் 'தோ' வரவே இல்லை.

இன்றைக்கு ஆலயத்தில் பிள்ளைகள் ஞாயிறு. மூன்றும் பாட வேண்டும். இந்தக் குடும்பம் பிரசங்கம் பாதியில் இருக்கும்போது பின்வரிசையில் நுழைகிற குடும்பம் என்று சபைக்கே தெரியும். இன்றைக்காவது மானத்தைக் காப்பாற்ற வேண்டும்.

"நர்ஸம்மாவை இன்னும் காணோமே" என்றாள் தங்கை. எதிர்வீட்டு ஓய்வுபெற்ற நர்ஸம்மாதான் ஞாயிற்றுக்கிழமைகளில் அக்காவோடு இருப்பார். நேரம் தவறாதவர்.

"அவங்களே லேட்டா? உலகம் அழியப் போகுது" என்றான் கணவன். "நீ பசங்களைக் கூட்டிட்டு ஓடு. அவங்க வந்ததும் நான் வர்றேன்."

தங்கை உள்ளறை வாசலில் ஒரு நொடி நின்றாள். அக்கா சுவரில் மாட்டியிருந்த பெரிய கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டிருந்தாள். ஓய்வு பெற்றபோது பணிமனையில் கொடுத்தது, வட்டமாக ஒரு தட்டு அளவுக்கு இருக்கும். வீடே அதைப் பார்த்துத்தான் நடக்கும்.

"போய்ட்டு வந்துடறேன்க்கா."

"போய்ட்டு வா, பாப்பா. மெதுவா போ." அக்கா ஏனோ சிரித்தாள்.

கடைக்குட்டிக்கு மழைக்காலப் பூட்ஸை மாட்டிவிட்டு, சின்னது இரண்டையும் கைக்கொன்றாகப் பிடித்து இழுத்துக்கொண்டு, மூத்தவன் பின்னால் வர, ஓடினாள். நடைபாதையெல்லாம் ஈர இலை. மூத்தவன் வழுக்கி விழுந்து எழுந்தான். துடைக்கவும் நிற்கவில்லை.

ஆலயத்தின் கதவு பூட்டியிருந்தது.

வாசலில் கோயில்பிள்ளை மட்டும் இலைகளைக் கூட்டிக்கொண்டிருந்தார். ஆலயத்தைத் திறப்பது, பெருக்குவது, மணி அடிப்பது எல்லாம் அவர்தான். இவர்களைப் பார்த்ததும் துடைப்பத்தை ஊன்றிக்கொண்டு சிரித்தார் பாருங்கள், மூத்தவனுக்குக் கோபமே வந்துவிட்டது.

"வருஷம் பூரா கடைசி ஆளா வருவீங்க, இன்னைக்கு மொத ஆளா? ஏம்மா, ராத்திரி கடியாரத்தைப் பின்னால தள்ளி வைக்கலையா? இன்னும் ஒரு மணி நேரம் இருக்கு!"

தங்கை நெற்றியில் அடித்துக்கொண்டாள்.

இந்த நாட்டில், குளிர்காலம் வருமுன் ஒரு சனிக்கிழமை ராத்திரி எல்லாரும் கடிகாரத்தை ஒரு மணி நேரம் பின்னால் தள்ளி வைக்க வேண்டும். வருஷா வருஷம் அந்தச் சனிக்கிழமை, குடும்ப ஜெபம் முடிந்ததும், அக்காதான் நாற்காலி போட்டு ஏறி முள்ளைத் திருப்புவாள். "ஆண்டவர் ஒரு மணி நேரம் சும்மா குடுத்திருக்காரு. வீணாக்காதீங்க" என்று மேலே நின்றபடி பிரசங்கம் வேறு. இந்த வருஷம் ஏறுவதற்கு ஆள் இல்லை. செல்போனைப் பார்த்தாவது தெரிந்திருக்கும். அதற்கும் வழியில்லை. சனிக்கிழமை ஜெபம் முடிந்தால் எல்லாப் போனும் பிஸ்கட் டப்பாவுக்குள் போய்விடும், ஞாயிறு ஆராதனை முடிந்துதான் வெளியே வரும். அதுவும் அக்கா போட்ட சட்டம்தான். அவள் படுத்த பிறகும் அந்தச் சட்டம் படுக்கவில்லை.

வீட்டுக்குத் திரும்பினார்கள். கணவன் விஷயத்தைக் கேட்டதும் சுவரைப் பார்த்தான், தலையைச் சொறிந்தான், அப்படியே நாற்காலியில் விழுந்து சிரித்தான்.

தங்கை நடுவீட்டில் நின்றாள். எல்லாரும் குளித்தாயிற்று, சாப்பிட்டாயிற்று. மதியத்துக்குக் குழம்பு நேற்றே வைத்தாயிற்று. நல்ல உடுப்போடு பாத்திரம் கழுவ முடியாது, பிள்ளைகளை வெளியே விட முடியாது. செய்வதற்கு ஒன்றுமே இல்லை. அவளுக்குக் கையை எங்கே வைத்துக்கொள்வதென்றே தெரியவில்லை.

"பாப்பா" என்றது உள்ளறை.

"தோ வர்..." என்று ஆரம்பித்தவள், நிறுத்திக்கொண்டு, போனாள்.

பிள்ளைகள் அதற்குள் கட்டிலில் ஏறியிருந்தார்கள். போர்வைக்குள் கைவிட்ட கடைக்குட்டி இடது கால் ஷூவை வெளியே எடுத்தான். "பெரிம்மாவுக்குக் குளிருதுன்னு நேத்தே குடுத்தேனே!" ஒற்றை ஷூவால் எந்தக் குளிர் போகுமோ, அக்கா அதை ராத்திரி முழுக்க வயிற்றோடு வைத்துக்கொண்டு தூங்கியிருக்கிறாள்.

தங்கை கட்டிலின் கால்மாட்டில் உட்கார்ந்து அக்காவின் பாதங்களை எடுத்து மடியில் வைத்துக்கொண்டாள். அத்தனை வருஷம் பிரேக்கை மிதித்த கால். இப்போது ஒன்றுமே கனக்கவில்லை. மெதுவாகத் தேய்த்துவிட்டாள்.

"பாடுங்கடா பாப்போம்" என்றாள் அக்கா.

பாடினார்கள். மூத்தவன் ஒரு சுருதி, நடுவுள்ளவள் வேறு, கடைக்குட்டி கடைசி வார்த்தையை மட்டும் பிடித்துக்கொண்டு கத்தினான். அக்கா இரண்டு விரலால் தாளம் போட்டாள்.

"பெரிம்மா, பரலோகத்துல கடியாரம் இருக்குமா?" என்று நடுவுள்ளவள் கேட்டாள். இந்த வீட்டில் அதைப் பற்றி மறைத்துப் பேசுவதில்லை.

"இருந்தா உங்கம்மா அங்கயும் லேட்டாத்தான் வருவா. வரட்டும். எத்தனை லேட்டா வந்தாலும் நல்லதுதான்."

கணவன் வாசலில் நின்று சிரித்தான். சட்டென்று ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டான். பிறகு பிள்ளைகளை, "வாங்கடா, ஷூவுக்குப் பாலிஷ் போடுவோம்" என்று வெளியே கூட்டிப் போனான்.

அக்காவும் தங்கையும் தனியாக இருந்தார்கள். ஜன்னலுக்கு வெளியே இலைகள் ஒவ்வொன்றாக விழுந்துகொண்டிருந்தன. ரொம்ப நேரம் கழித்துத்தான் தங்கைக்கு அது உறைத்தது.

"அக்கா. நீ கடியாரத்தைப் பார்த்துட்டேதானே இருந்தே. உனக்குத் தெரியாதா?"

"எனக்கா தெரியாது?"

"பின்ன ஏன்க்கா சொல்லல? பசங்களை இழுத்துட்டு நாய் மாதிரி ஓடுனேன்."

அக்கா கண்ணை மூடிக்கொண்டாள். வாய் மட்டும் சிரித்தது. "நேத்தே சொல்லியிருந்தா, அந்த ஒரு மணி நேரத்துல நீ ரெண்டு தடவை துணி போட்டு எடுத்திருப்பே."

உண்மைதானே. போன வருஷம் அந்த ஒரு மணி நேரத்தில் தங்கை திரைச்சீலை எல்லாவற்றையும் துவைத்தாள். அதற்கு முந்தின வருஷம் அலமாரியைக் குடைந்தாள்.

"வலிக்குதாக்கா?"

"இப்ப இல்ல. நீ தேய்."

தேய்த்தாள். நர்ஸம்மா சரியான நேரத்துக்கு வந்து கதவைத் தட்டும்வரை தேய்த்துக்கொண்டே இருந்தாள்.

அன்று அந்தக் குடும்பம் முதல் வரிசையில் உட்கார்ந்தது. கடைக்குட்டி ஆலயத்திலும் கடைசி வார்த்தையை மட்டுமே கத்தினான். சபையே சிரித்தது.

திரும்பி வந்தபோது அக்கா தூங்கிக்கொண்டிருந்தாள். மதியம் தங்கை சோறு வடித்துக்கொண்டிருக்கையில் நர்ஸம்மா அவள் பெயரைச் சொல்லாமல், "கொஞ்சம் வாம்மா" என்று மட்டும் கூப்பிட்டார். அவள் பானையைக் கவிழ்த்தபடியே விட்டுவிட்டு ஓடினாள். அதற்குள் முடிந்திருந்தது. பாதங்களைத் தொட்டுப் பார்த்தாள். இன்னும் சூடு இருந்தது. அழுதாள், நன்றாக அழுதாள். ஆனால் 'ஐயோ, ஒரு தடவைகூட உட்காரலையே' என்று அழ வேண்டியிருக்கவில்லை. அதற்காகவே, அழுகைக்கு நடுவிலேயே, "ஸ்தோத்திரம் ஆண்டவரே" என்று வாய்விட்டுச் சொன்னாள்.

அடக்கத்துக்கு அக்காவோடு வேலை செய்த ஓட்டுநர்கள் சீருடையில் வந்திருந்தார்கள். ஒரு பெரியவர் தங்கையின் கையைப் பிடித்துக்கொண்டார். "உங்கக்கா யாருக்காகவும் ஒரு நிமிஷம் வண்டியை நிறுத்தி வைக்காதும்மா. அவ்வளவு கறார்." தங்கை தலையை மட்டும் ஆட்டினாள்.

எல்லாரும் போன பிறகு, சாயங்காலம், அக்காவின் படுக்கை விரிப்புகளை மிஷினில் போட்டுவிட்டு வந்தாள். சுவர்க் கடிகாரம் இன்னும் பழைய நேரத்திலேயே ஓடிக்கொண்டிருந்தது.

"நான் மாத்தட்டுமா?" என்றான் கணவன்.

"வேணாம், நானே மாத்தறேன்." நாற்காலி போட்டு ஏறினாள். பிள்ளைகள் கீழே நின்று அண்ணாந்து பார்த்தார்கள், மேலேயிருந்து ஏதாவது பிரசங்கம் வரும் என்று. முள்ளை மட்டும் மெதுவாகப் பின்னால் திருப்பிவிட்டு இறங்கினாள்.

இறங்கியவள் அக்காவின் கட்டிலில் உட்கார்ந்தாள். நடுவுள்ளவள் பக்கத்தில் வந்து படுத்துக்கொண்டு, கேட்காமலே இரண்டு காலையும் தூக்கி அம்மா மடியில் வைத்தாள். காலுறையில் ஓர் ஈர இலை ஒட்டியிருந்தது.

பின்கட்டில் வாஷிங் மிஷின் முடிந்துவிட்டதென்று கூவியது. சற்றுப் பொறுத்து மறுபடியும் கூவியது.

"அம்மா, மிஷின் கூப்பிடுது."

"கூப்பிடட்டும்" என்று தங்கை இலையை எடுத்துவிட்டு, அந்தச் சின்னக் காலைத் தேய்த்துவிடத் தொடங்கினாள்.