கடிக்கும் குழாய்

எங்கள் வீட்டுக் குளியலறைக் குழாய் கடிக்கும். கரண்ட் இல்லாதபோது பரம சாது. கரண்ட் வந்துவிட்டால் தொட்டவர் விரலைச் சுருக்கென்று பிடித்து இழுக்கும். அதனால் ரப்பர் செருப்பை மாட்டிக்கொண்டுதான் அதைத் திறப்போம். லாகோஸில் கரண்ட் எப்போதாவது எட்டிப்பார்க்கும் விருந்தாளி என்பதால், இதெல்லாம் எங்களுக்கு ஒரு தொல்லையாகவே படவில்லை.

என் வீட்டுக்காரர் போலாஹானுக்கு இதில் பெருமை வேறு. கரண்ட் வந்ததும் தெருப் பிள்ளைகள் கரண்ட் கம்பெனிக்கு ஜே போட்டு "அப் நேப்பா!" என்று கூவுவார்கள் அல்லவா, சில நாள் அதற்கும் முன்பே குளியலறைக்குள்ளிருந்து, "குழாய் கடிச்சிடுச்சு! கரண்ட் வந்தாச்சு!" என்று கத்துவார். வீட்டில் இருப்பவர்கள் கைதட்டுவோம். நேற்றும் தட்டினோம். நாள் கணக்காக இருட்டில் புழுங்கிக் கிடந்தவர்கள் வேறென்ன செய்வார்கள்?

போன வாரம் என் தங்கை மொனிஷோலாவுக்கு என் வீட்டில் பெண் குழந்தை பிறந்தது. கல்யாணமாகி எத்தனையோ வருடம் காத்திருந்தாள். போகிற வருகிறவர்களிடமெல்லாம் பேச்சு வாங்கி, அழுது அழுது, கடைசியில் கிடைத்த பிள்ளை. எங்களில் எட்டாம் நாள்தான் பெயர் வைப்போம். அதுவரை அவள் வெறும் பாப்பா. நாளைக்கு விசேஷம். இந்த நேரம் பார்த்து குளியலறைச் சுவர் ஊறிப்போய் ஓடுகள் உதிர ஆரம்பித்தன. நாளைக்கு வருகிற அவள் மாமியார் கூட்டம் சும்மா விடுமா? குழாய்க்காரன் உஃபுவோமாவை வரவழைத்தேன்.

அவன் கையை விட வாய்தான் அதிகம் வேலை செய்யும். "மேடம், இந்த வீடு என் தாத்தனை விடக் கிழம். பேர் வைக்கிற விருந்துல எனக்கும் ஒரு ஆட்டுத்தொடை எடுத்து வைங்க" என்று பேசிக்கொண்டே ஓடுகளை உடைத்தான். ஓர் இடத்தில் சுத்தியல் நின்றது. பேச்சும் நின்றது.

"ஓகாவைக் கூப்பிடுங்க மேடம்." முதலாளியை, அதாவது என் வீட்டுக்காரரை, அவன் அப்படித்தான் சொல்வான்.

"என்னய்யா, பைப்பை உடைச்சிட்டியா?"

"பைப்பு கெடக்கட்டும். இதைப் பாருங்க."

சுவருக்குள் ஈரம் சொட்டும் பழைய இரும்புக் குழாய். அதன் மேல் கறுப்பாக இரண்டு ஒயர்கள். மேல்தோல் காய்ந்த வெங்காயச் சருகு மாதிரி உதிர்ந்து, உள்ளே செம்புக் கம்பி பல்லைக் காட்டியது. நடுவில் ஒட்டுப் போட்ட இடத்தில் எவனோ தண்ணீர்ப் பாக்கெட்டின் பிளாஸ்டிக்கைச் சுற்றிக் கட்டியிருந்தான். அதுவும் நைந்து, கம்பி அப்படியே இரும்பின் மேல் படுத்துக் கிடந்தது.

போலாஹான் எட்டிப்பார்த்துச் சிரித்தார். "அட, இதுதான் நம்ம கரண்ட் ஜோசியரா!"

"சிரிக்காதீங்க ஓகா. இது கடிக்கல, ஆளை முழுங்கக் காத்துக்கிட்டிருக்கு. காலுல ரப்பர் இருந்துச்சு, பொழைச்சீங்க. வெறுங்காலோட தண்ணியில நின்னு தொட்டிருந்தா இந்நேரம் உங்களைப் பொதைச்சிருப்பாங்க."

"வாயைக் கழுவுய்யா! நாளைக்கு வீட்டுல விசேஷம்" என்று எரிந்து விழுந்தேன்.

அவன் என்னைக் கண்டுகொள்ளவில்லை. "இந்தப் பைப்பு வேற எங்க போகுது?"

"கொல்லைக் குழாய்க்கு" என்றேன். அதிகம் புழங்காத அந்தக் குழாயும் கடிக்கும் என்று அதுவரை தோன்றவே இல்லை. குளியலறை முழுக்க இடிபாடு, பாப்பாவைக் கொல்லையில் குளிப்பாட்டு என்று சற்று முன் மொனிஷோலாவை அங்கே அனுப்பியவள் நான்தான்.

அந்தச் சமயத்தில்தான் தெருக்கோடியிலிருந்து அந்தக் கூச்சல் கிளம்பியது. "அப் நேப்பா! அப் நேப்பா!" வீடு வீடாகத் தாவி எங்கள் பக்கம் வந்தது. தலைக்கு மேல் பல்பு எரிந்தது. பிறந்தது முதல் கேட்டுக் கேட்டுத் துள்ளிய சத்தம், இன்றைக்கு என் ஈரக்குலையை அறுத்தது.

"மெயினை அணைங்க!" என்று உஃபுவோமா அலறினான். போலாஹான் வாசலுக்கு ஓடினார். எதை அணைப்பது? மெயின் சுவிட்சின் கைப்பிடி எப்போதோ உடைந்து கையோடு வந்துவிட்டது. இல்லாத கரண்டுக்கு எதற்குக் கைப்பிடி என்று அப்படியே விட்டிருந்தோம்.

நான் கொல்லைக்கு ஓடினேன். மொனிஷோலா முக்காலியில் உட்கார்ந்து, வெறுங்காலைத் தண்ணீரில் நீட்டி, முழங்காலுக்குக் கீழே பாப்பாவைக் கிடத்திச் சோப்புப் போட்டிருந்தாள். பக்கத்தில் வெந்நீர் வாளி. விளாவுவதற்குக் குழாய்ப் பக்கம் கையை நீட்டிக்கொண்டிருந்தாள்.

கத்தினேனா என்று தெரியவில்லை. அவள் தோளைப் பிடித்துப் பின்னால் இழுத்தேன். முக்காலி உருண்டது. வாளி சாய்ந்தது. அவள் மல்லாந்து என் மேல் விழுந்தாள். வழுக்கிய பாப்பாவை இரண்டு பேருமாக எப்படிப் பிடித்தோமோ, கடவுளுக்குத்தான் வெளிச்சம். பாப்பா வீறிட்டு அழுதது.

"உனக்கென்ன பைத்தியமா? என் பிள்ளையைக் கொல்லப் பாத்தியே, பாவி!" மொனிஷோலா என் கையில் அறைந்தாள். அறையட்டும்.

உஃபுவோமா மூச்சிரைக்க வந்து டெஸ்டரைக் குழாயில் வைத்தான். பட்டப்பகலில் அதன் பல்பு சிவப்பாக எரிந்தது. உடைந்த கைப்பிடியோடு போலாஹான் கதவருகே வந்து நின்றார்.

மொனிஷோலா டெஸ்டரைப் பார்த்தாள். குழாயைப் பார்த்தாள். பாப்பாவின் ஒரு காலைத் தூக்கிச் சோப்பை வழித்து, உள்ளங்காலைத் திருப்பித் திருப்பிப் பார்த்தாள்.

"அக்கா, நேத்து குளியலறையில இவ கால் குழாயில பட்டுச்சு. உடம்பு வெட்டி இழுத்து, வீல்னு ஒரு கத்து கத்தினா. குழாய் கடிக்கும்னு நீங்க சொல்றதெல்லாம் விளையாட்டுன்னு இருந்தேன், எறும்பு கடிச்சிருக்கும்னு நெனச்சேன்."

எனக்கு நினைவு வந்தது. அந்தக் கத்தல் கேட்டதும், "கரண்ட் வந்தாச்சு! பாப்பாவே சொல்லிட்டா!" என்று கூடத்திலிருந்து போலாஹான் கூவினார்.

"நீங்க எல்லாரும் கைதட்டினீங்க, அக்கா" என்றாள் மொனிஷோலா.