எல்லோருக்கும் திறந்திருந்த ரிப்போர்ட்

சிலுவை வந்ததும் உட்காரவில்லை. கப்பல்களுக்கு ஆள் அனுப்பும் அந்தத் தூத்துக்குடி நிறுவனத்தின் வழியாகப் பன்னிரண்டு வருஷமாகக் கடலுக்குப் போகிறவர் அவர். கம்ப்யூட்டர்களைப் பார்த்துக்கொள்ளும் ஜெபகனியின் மேசைக்கு நேராகப் போய், தன் ரத்த ரிப்போர்ட்டை இங்கே யாரெல்லாம் பார்க்கலாம் என்று கேட்டார்.

கப்பலேறுவதற்கு முன் எடுத்த பரிசோதனையில் அவருக்குக் கல்லீரலில் கிருமித் தொற்று என்று வந்திருந்தது. மனைவி பிலோமியிடம் எப்படிச் சொல்வதென்று அவர் யோசித்துக்கொண்டிருக்கும்போதே சேதி தெருவுக்குப் போய்விட்டது. பக்கத்து வீட்டுக்காரி பிலோமி கொடுத்த காப்பியைத் தொடவில்லை. ஏன் என்று கேட்டு, அவள் வாயால்தான் பிலோமி தெரிந்துகொண்டாள்.

சிலுவையை நாளைக்கு வரச் சொல்லிவிட்டு ஜெபகனி சர்வரைப் பார்த்தாள். மருத்துவ ரிப்போர்ட்டுகள் இருந்த ஃபோல்டரை அலுவலகத்தின் இருபத்தாறு பேருமே திறக்கலாம் என்றிருந்தது. அப்படி வைத்தது அவள்தான். இரண்டு வருஷத்துக்கு முன் சர்வரை மாற்றியபோது, ஃபைல் திறக்கவில்லை என்று ஆளாளுக்கு நச்சரித்ததால் அன்றைய வேலை ஓடட்டும் என்று செய்தது. பிறகு மறந்துபோனாள். திறந்தவர்களின் பெயர் பதிவாகும் வசதியையும் அவள் போடவில்லை.

முதலாளி வன்னியபெருமாளிடம் போய் எல்லாவற்றையும் சொன்னாள். யார் பார்த்தார்கள் என்று தெரியவில்லை என்று மட்டும் அவரிடம் சொல், அதோடு விடு, உன் பெயரை எதற்கு இழுக்கிறாய் என்றார் அவர்.

அன்று மாலைக்குள், மருத்துவ விஷயங்களைக் கவனிக்கும் உமாராணியைத் தவிர மற்ற எல்லோருக்கும் அந்த ஃபோல்டரைத் திறக்கும் அனுமதியை ஜெபகனி நீக்கினாள். பதினெட்டு வருஷ சர்வீஸ் உள்ள மேனேஜர் பாண்டித்துரை கோபமாக வந்தார். யார் கப்பலேறத் தகுதி என்ற பட்டியல் மட்டும் அவருக்குப் போதும், அது தனியாக இருக்கிறது என்று விளக்கினாள். அவர் முகம் கொடுக்காமல் போனார்.

மறுநாள் சிலுவையோடு பிலோமியும் வந்தாள்.

"யாரு வெளிய சொன்னான்னு எனக்குத் தெரியல அண்ணே. ஆனா அத எல்லாரும் பாக்குத மாதிரி வச்சது நாந்தான்," என்றாள் ஜெபகனி.

"இனிமே நீ பாக்க முடியுமா?" என்று பிலோமி கேட்டாள்.

"நெனச்சா முடியும்க்கா. ஆனா நான் தொறந்தா முதலாளிக்குத் தெரியுத மாதிரி வச்சிருக்கேன்."

"தெருவுக்குப் போனத எந்தப் பூட்டு போட்டு மூடுவ பிள்ள?"

தன் ரிப்போர்ட்டை அழித்துவிடச் சொன்னார் சிலுவை. முதலாளியிடம் கேட்டுவிட்டு வந்து அவர் கண்முன்னாலேயே அழித்தாள். நகல் சேமிக்கும் டிஸ்க்கிலும் இருக்கிறது என்று அவளே சொல்லி, அதையும் அழித்தாள். அரை மணி நேரம் ஆனது. சிலுவையும் பிலோமியும் திரையைப் பார்த்தபடியே இருந்தார்கள்.

மூன்று மாத மருந்துக்குப் பிறகு கப்பலேறலாம் என்று டாக்டர் சான்று கொடுத்தார். சிலுவை வேறொரு நிறுவனத்தின் மூலம் கப்பலேறினார்.