இருநூற்று எழுபத்தேழு நாள் விடுப்பு

தம்பிராஜாவின் இடுப்புச் சாரோங் அவிழ்ந்து காலடியில் விழுந்தபோது காலை மணி ஐந்தே முக்கால். அவர் விறைப்பாக நின்று, எதிரே நின்ற மனைவியின் சல்யூட்டுக்காகக் காத்திருந்தார். பரேடு முடிகிறவரை கைகளை விலாவிலிருந்து எடுக்கக் கூடாது என்பது பட்டாளத்து விதி. அவரும் எடுக்கவில்லை. உள்ளே காக்கி அரைக்கால் சட்டை இருந்ததால் மானம் தப்பியது.

பாக்கியலட்சுமி சிரித்துவிட்டாள்.

இருபது வருஷக் குடித்தனத்தில் பரேடு நேரத்தில் அவள் சிரித்தது அதுதான் முதல் தடவை. இருபது வருஷமாகச் சேர்த்து வைத்தது வேறு, லேசில் நிற்கவில்லை. சிரிப்போடு சிரிப்பாகக் குனிந்து சாரோங்கை எடுத்துக் கொடுக்கப் போனாள். உத்தரவில்லாமல் அசைந்தது அடுத்த குற்றமாகப் போயிற்று.

"நம்பர் ஒன்னு, அசையாத," என்றார் தம்பிராஜா.

நம்பர் ஒன்று அவள்தான். நம்பர் இரண்டு என்று அந்த வீட்டில் யாரும் கிடையாது. ஆண்டவன் பிள்ளை கொடுக்கவில்லை. கொடுத்திருந்தால் அதுவும் தொட்டிலிலேயே விறைப்பாகப் படுத்திருக்க வேண்டியதுதான்.

தம்பிராஜா பிரிட்டிஷ் பட்டாளத்தில் சிங்கப்பூரில் இருபது வருஷம் இருந்தவர். லான்ஸ் கார்ப்பரல், சிப்பாய்க்கு ஒரு படி மேல். உடனே துப்பாக்கி, பீரங்கி என்று கற்பனை செய்துகொள்ள வேண்டாம். அவர் ஸ்டோரில் கம்பளி எண்ணினார். மிக நன்றாக எண்ணினார். மலாயாவுக்குச் சுதந்திரம் கிடைத்த மறு வருஷம் வெள்ளைக்காரத் துரை அவர் கையைக் குலுக்கி, மொத்தமாக ஒரு தொகையும் மாதாமாதம் பென்சனும் கொடுத்து அனுப்பிவைத்தார். அந்தத் தொகையில் மலாக்கா காஜா பெராங்கில் ஒரு பலகை வீட்டை வாங்கி, மனைவியோடு குடியேறினார். எண்ணுவதற்குக் கம்பளி இல்லாத குறைக்கு வீட்டில் மிளகாயை எண்ணினார்.

அவரிடம் ஒரு தடித்த புத்தகம் இருந்தது. கல்யாணமான மறுநாள் தொடங்கியது. இடது பக்கத்தில் பாக்கியலட்சுமியின் வருகையும் வேலையும். வலது பக்கத்தில் அவள் குற்றமும் தண்டனையும். தினமும் இரவு அவள் கீழே கையெழுத்துப் போட வேண்டும். அன்று காலை வலது பக்கத்தில் அவர் எழுதினார்: "பரேடில் சிரித்தல். மிகக் கடுமையான குற்றம்." பேனாவை மூடிவிட்டு, தலையைத் தூக்காமலே சொன்னார்.

"இனிமே உன்ன வச்சுக் குடும்பம் நடத்த முடியாது. ஞாயித்துக்கெழம சங்கத்துல சொல்லி அத்துவிட்டுர்றேன்."

"சிரிச்சதுக்கா?"

"டிசிப்ளின் போனா எல்லாம் போச்சு."

பாக்கியலட்சுமி வாளியை எடுத்துக்கொண்டு கொல்லைக்குப் போனாள். அந்தக் காலத்தில் கோயிலில் கட்டிய தாலிக்கு யாரும் சர்க்காரில் பதிவு தேடுவதில்லை. சேர்த்து வைப்பதும் அத்துவிடுவதும் தெருச் சங்கம்தான். அத்துவிட்ட பெண் உடுத்திய சேலையோடும் தாய்வீட்டுப் பெட்டியோடும் போய்விட வேண்டும். பிள்ளை பெறாதவள் என்றால் அந்தப் பெட்டியையும் திறந்து பார்த்துவிட்டுத்தான் அனுப்புவார்கள். பாக்கியலட்சுமிக்கு வயது நாற்பது. பெற்றவர்கள் போய்ச் சேர்ந்துவிட்டார்கள்; ஊருக்கு வெளியே உஜோங் பாசிரில் ஒரு தம்பி இருந்தான்: ஒரே அறை, ஆறு பிள்ளைகள், ஏழாவது வழியில். அங்கே அவள் நின்றுகொண்டுதான் தூங்க வேண்டும்.

கொல்லை வேலிக்கு அந்தப்பக்கம் சந்திரமதி துணி உலர்த்திக்கொண்டிருந்தாள். அவள் மலாக்காவில் பல தலைமுறையாக இருக்கும் செட்டிக் குடும்பத்துப் பெண். பேர் தமிழ், சாமி தமிழ், பேச்சு மலாய். தெருவில் எந்த ரகசியமும் அவளைத் தாண்டிப் போனதில்லை.

"லாக்கி லு மாவ் காவின் லாகி," என்றாள் தணிந்த குரலில். உன் புருஷன் இன்னொரு கல்யாணம் பண்ணப் பார்க்கிறான் என்று அர்த்தம். பெண் யார் என்பதையும் அவளே சொன்னாள்: சங்கத் தலைவர் கலியாணசுந்தரத்தின் அக்காள் மகள். வயது இருபத்தெட்டு.

சிரிப்புக்கு அபராதம் ஏன் இவ்வளவு பெரிதாக இருந்தது என்பது அப்போதுதான் பாக்கியலட்சுமிக்கு விளங்கியது. பென்சன்காரர் என்றால் சாகிறவரை முதல் தேதி தவறாத மாப்பிள்ளை. வழுக்கை, தொந்தி, காலை பரேடு எதுவும் கண்ணில் படாது. அவளுக்கு அழுகை வரவில்லை. கோபம்தான் வந்தது, அதுவும் நல்ல சூடாக.

ஞாயிற்றுக்கிழமை கோயில் கொட்டகையில் சங்கம் கூடியது. நடுவில் கலியாணசுந்தரம், மளிகைக்கடைக்காரர். பக்கத்தில் செயலாளர் மாணிக்கவாசகம். ஆஸ்பத்திரியில் கிராணியாக, அதாவது குமாஸ்தாவாக, இருந்து ஓய்வு பெற்றவர், எதையும் எழுதிவிட்டுத்தான் யோசிப்பார். ஆண்கள் பாயில் உட்கார்ந்தார்கள். பெண்கள் தூண் ஓரம் நின்றார்கள்.

தம்பிராஜா மெடலைக் குத்திக்கொண்டு வந்திருந்தார். புத்தகத்தைத் தலைவர் முன்னால் வைத்து, எரிகிற கற்பூரத்தை உள்ளங்கையால் அடித்து அணைத்தார்.

"இதுல இருக்கிற ஒவ்வொரு எழுத்தும் சத்தியம்."

மாணிக்கவாசகம் வலது பக்கங்களைப் படிக்கத் தொடங்கினார். நாற்பத்தொன்பது மார்ச், சாம்பார் பதினொரு நிமிஷம் தாமதம். தண்டனை, சினிமா ரத்து. ஐம்பத்திரண்டு ஜூன், போர்வை மடித்ததில் அரை அங்குலம் கோணல். ஐம்பத்தாறு, மேலதிகாரி பேசிக்கொண்டிருக்கும்போது கொட்டாவி.

"மேலதிகாரி யாரு?" என்று கேட்டார் மாணிக்கவாசகம்.

"நாந்தான்."

தூண் ஓரத்தில் யாரோ ஒருத்தி முந்தானையை வாயில் அடைத்துக்கொண்டாள். கலியாணசுந்தரம் தொண்டையைச் செருமினார். அவருக்கு அவசரம், கடையில் அரிசி மூட்டை இறங்க இருந்தது.

"குத்தம் நிரூபணமாயிருச்சு. அத்துவிட்டுர்லாம். பாக்கியம், நீ பொட்டியோட கெளம்பு. வீடு, பென்சன் எல்லாம் அவருது. ஒழுங்கா ஆஜராயி, லீவு போடாம, இருபது வருஷம் சர்வீஸ் பண்ணவங்களுக்கு சர்க்கார் குடுக்கறதுதான் பென்சன். அதுல மத்தவங்களுக்குப் பாத்தியத கெடையாது."

"ஒரு சந்தேகம் தலைவரே," என்றாள் பாக்கியலட்சுமி. தூணை விட்டு ஓரடி முன்னால் வந்தாள். "யாரு சர்வீஸ் பண்ணாங்கன்னு எத வச்சு சொல்லுவாங்க?"

"ரிக்கார்ட வச்சுதான்."

"அப்ப கிராணி ஐயா எடது பக்கத்தையும் படிக்கட்டும்."

மாணிக்கவாசகம் புரட்டினார். இடது பக்கத்தில் ஒவ்வொரு நாளும் "ஆஜர்" என்று முத்து முத்தாக எழுதி, கீழே அவள் கையெழுத்தும் அவர் கையெழுத்தும் இருந்தன. மூன்று நாள் தவிர ஒரு நாள் விடவில்லை. வருஷக் கடைசியில் மதிப்பீடு: "நடத்தை மிக நன்று. சோம்பல் இல்லை. பதவி உயர்வு தேவைப்படவில்லை."

ஜப்பான்காரன் காலத்துப் பக்கங்கள் வந்தன. சிங்கப்பூர் விழுந்ததும் தம்பிராஜா தப்பி வந்து, காஜா பெராங்கில் மாமியார் வீட்டுப் பரணில் மூன்றரை வருஷம் ஒளிந்திருந்தார். அந்தப் பக்கங்களில் எல்லாம் ஒரே வரி: "மரவள்ளிக்கிழங்கு. நட்டவர், பிடுங்கியவர், அவித்தவர், பரணுக்கு ஏற்றியவர்: நம்பர் ஒன்று."

"இந்த மூணர வருஷமும் உங்க பென்சன்ல சேந்துச்சா?" என்று கேட்டார் மாணிக்கவாசகம்.

"சேத்துதான் போட்டாங்க," என்றார் தம்பிராஜா பெருமையாக.

"அப்ப நீங்க என்னா சர்வீஸ் பண்ணீங்க?"

"பரண்ல இருந்தேன்."

கொட்டகை குலுங்கியது. மாணிக்கவாசகம் இரண்டு வருஷம் தள்ளிப் புரட்டிப் படித்தபோது சிரிப்பு நின்றது. "நாற்பத்தேழு ஆகஸ்ட். நம்பர் ஒன்றின் தந்தை மரணம். மூன்று நாள் விடுப்பு. திரும்புவதில் நான்கு மணி நேரம் தாமதம். எச்சரிக்கை." பாக்கியலட்சுமி தரையைப் பார்த்துக்கொண்டு நின்றாள். அந்த நான்கு மணி நேரம் ரயில் தாமதம். அன்று இரவு அதற்கும் அவள் கையெழுத்துப் போட்டாள். போடும்போது எழுத்துத் தெரியவில்லை; கண் நிறைந்திருந்தது.

கலியாணசுந்தரம் நிலைமை கெடுவதைப் பார்த்தார். "அட, இதெல்லாம் வெளையாட்டா எழுதுனது. இதப் போயி ரிக்கார்டுன்னு..."

தம்பிராஜா எழுந்து விறைப்பாக நின்றார்.

"யாரு வெளையாட்டுங்கறது? இருபது வருஷத்துல ஒரு கம்பளி கொறஞ்சதில்ல என் கணக்குல. துரையே கையெழுத்துப் போடறதுக்கு முன்னால படிச்சுப் பாக்க மாட்டாரு. அவ்வளவு நம்பிக்க. அவ ஆஜர்னு நான் எழுதியிருந்தா அவ ஆஜர். சர்வீஸ்னா சர்வீஸ்."

"மாப்ள, சும்மா உக்காருங்க," என்றார் கலியாணசுந்தரம்.

மாப்பிள்ளை என்ற வார்த்தை கொட்டகை முழுக்கக் கேட்டது. தூண் ஓரத்தில் பெண்கள் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள்.

"அப்ப தலைவர் சொன்ன ரூல்படி," என்று மாணிக்கவாசகம் எழுதிக்கொண்டே சொன்னார், "ரெண்டு பேரும் சர்வீஸ் பண்ணிருக்காங்க. அத்துவிட்டா பென்சன்ல பாதி, வீட்டுல பாதி இந்தம்மாவுக்கு."

கலியாணசுந்தரம் ஒரு நிமிஷம் கண்ணை மூடினார். அக்காள் மகளைப் பாதிப் பென்சனுக்கும் பாதி வீட்டுக்கும் கொடுப்பதா? கண்ணைத் திறந்தபோது அவருக்கு ஞானம் பிறந்திருந்தது.

"தாலிங்கறது சாமி முன்னால கட்டுனது. அத அறுக்க நாம யாரு? ஏதோ ஒரு சிரிப்பு. குடும்பத்துல இதெல்லாம் சகஜம். ரெண்டு பேரும் வீட்டுக்குப் போங்க."

போன மாசம் இதே கொட்டகையில் அதே தெருவில் இருந்த கோகிலாவை ஐந்து நிமிஷத்தில் அத்துவிட்டு, சேலையோடு பஸ் ஏற்றினார்கள். அன்றைக்குச் சாமி எங்கேயாவது வெளியூர் போயிருந்ததோ என்னவோ.

"வெறுங்கையோட போறதுன்னா அத்துவிடலாம். பங்கோட போறதுன்னா சாமி குத்தமா?" என்றாள் பாக்கியலட்சுமி.

"நீயா போனா ஒன்னும் கெடையாது. அதுதான் வழக்கம்," என்றார் கலியாணசுந்தரம்.

 அவள் புருஷன் பக்கம் திரும்பினாள்.

"வருஷத்துக்கு எத்தன நாள் லீவு உண்டுங்க?"

"பதினாலு," என்றார் தம்பிராஜா. ரூல் கேட்டால் பதில் சொல்லாமல் இருக்க அவரால் முடியாது.

"நான் எடுத்தது?"

"மூணு."

"இருபது வருஷத்துக்கு மிச்சம்?"

"எரநூத்தி எழுபத்தேழு."

"லீவுல இருக்கறவங்களுக்குச் சம்பளம் உண்டா?"

"முழுச் சம்பளம். கோட்டர்ஸ் வீடும் உண்டு, காலி பண்ணச் சொல்ல முடியாது," என்று சொல்லி முடித்த பிறகுதான் தாம் சொன்னது என்ன என்பது அவருக்கு உறைத்தது.

"நாளையிலேருந்து நான் லீவு," என்றாள் பாக்கியலட்சுமி.

அவள் வீட்டை விட்டுப் போகவில்லை. போனால்தானே வழக்கம் பிடித்துக்கொள்ளும். முன்னறையில் பிரம்பு நாற்காலியைப் போட்டு உட்கார்ந்தாள். தம்பிராஜா முதல் நாள் பட்டினி கிடந்தார். இரண்டாம் நாள் சோறு வடித்தார். அது கஞ்சியும் இல்லை, சோறும் இல்லை. மூன்றாம் நாள் சாம்பார் வைத்தார். ஒரு மணி நேரம் தாமதம். அதை எந்தப் பக்கத்தில் எழுதுவது என்று தெரியாமல் வெகுநேரம் பேனாவைக் கையில் வைத்துக்கொண்டிருந்தார். முதல் தேதி வந்ததும் பென்சனில் சரிபாதியை மேசையில் வைத்துவிட்டு, அவள் முகத்தைப் பார்க்காமல் நின்றார்.

"லீவு முடிஞ்சதும்?" என்று கேட்டார்.

"பென்சன்," என்றாள் அவள்.

அதற்குள் சங்கம் சும்மா இருக்கவில்லை. அவசரக் கூட்டம் போட்டு ஒரு தீர்மானம் நிறைவேற்றியது. கோகிலாக்களுக்குப் பங்கு கொடுப்பது பற்றி அல்ல. மாணிக்கவாசகம் அதை எழுதி எடுத்துக்கொண்டு வாசலில் வந்து நின்றபோது, அந்த மனிதருக்கே வெட்கமாக இருந்தது.

"இன்று முதல் நம் தெருவில் எந்தக் கணவனும், மனைவி வீட்டில் செய்யும் வேலையை எழுத்தில் பதிந்து வைக்கக் கூடாது. மீறினால் ஐந்து வெள்ளி அபராதம்," என்று படித்தார். "ஏகமனதா பாஸ் ஆச்சும்மா."

"பொம்பளைங்களக் கேட்டீங்களா?"

"அவங்க மெம்பர் இல்லியே."

பாக்கியலட்சுமி தாளை வாங்கி இன்னொரு தடவை தானே படித்துப் பார்த்தாள்.

"கணவன்னுதான போட்டிருக்கு ஐயா?"

"ஆமா."

"வேற யாரு பேரும் போடலியே?"

மாணிக்கவாசகம் மூக்குக்கண்ணாடியைச் சரிசெய்துகொண்டு பார்த்தார். "போடல," என்றார். அவர் முகத்தில் மெதுவாக ஒரு சிரிப்பு வந்தது.

அவள் செருப்பை மாட்டிக்கொண்டு நேராகக் கலியாணசுந்தரத்தின் மளிகைக்கடைக்குப் போனாள். தலைவர் உள்ளே இருந்தார். கடையில் அவர் மனைவி பொன்னம்மா பருப்பு நிறுத்துக்கொண்டிருந்தாள்.

"இருபது காசு நோட்டுப் புத்தகம் ஒன்னு குடுங்கக்கா. கோடு போட்டது."

பொன்னம்மா அலமாரியைத் திறந்தாள். உள்ளேயிருந்து தேத்தண்ணி கேட்டு ஒரு குரல் வந்தது. அவள் இரண்டு நோட்டு எடுத்தாள். ஒன்றைப் பாக்கியலட்சுமியிடம் கொடுத்துவிட்டு, மற்றதைத் தராசுக்குப் பக்கத்தில் விரித்து வைத்துப் பென்சிலைத் தேடினாள்.

"முப்பத்தொரு வருசம் பாக்கியம். எங்கேருந்து எழுதறது?"

"இன்னிக்குத் தேதி போடுங்கக்கா," என்றாள் பாக்கியலட்சுமி. "பழசு நமக்கு ஞாபகம் இருக்கு."